அருவியில் வந்த அத்தியாயம்

"எனக்குக் கதை அருவியிலதான் வருது" என்று என் கணவர் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அடுப்படியில் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். சாரலில் விறகெல்லாம் நமத்துக் கிடந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புகை போகவில்லை. அவர்களுக்குச் சன்னல் வழியாக மலையும் மேகமும் தெரிந்தன.

"விடியக்காலம் எண்ணெய் தேச்சுக்கிட்டுப் பேரருவிக்கு அடியில போய் நிப்பேன். தண்ணி உச்சந்தலையில விழும். வெளிச்சத்தம் ஒண்ணும் கேக்காது. அப்பத்தான் என் பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும். பேசினதைச் சிந்தாம எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வருவேன். தலை துவட்ட மாட்டேன். ஈரம் சொட்டச் சொட்ட எழுதுவேன்."

"அற்புதம் சார், அற்புதம்" என்றார் சிவசுப்பிரமணியன். அவர் சென்னைப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். என் கணவர் பால்வண்ணநாதனின் தொடர்கதை அந்த வாரப் பத்திரிகையில்தான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் தபாலில் தாமதமாகப் போகிறது என்று, இந்த வருஷம் நாங்கள் தென்காசியிலிருந்து சீசனுக்கு வந்து குற்றாலத்தில் எடுத்திருந்த வீட்டுக்கு அவரே வந்து எங்களோடு தங்கிவிட்டார். அருவிக்கு அருவியும் ஆயிற்று, அத்தியாயத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போகவும் ஆயிற்று. "இதை அப்படியே ஒரு கட்டுரையாப் போட்டுடலாம். வாசகர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, இந்த மனுஷன் எப்படி எழுதறார்னு."

"போடும், போடும்" என்றார் வக்கீல் சங்கரபாண்டி. தென்காசியிலிருந்து குதிரைவண்டி வைத்துக்கொண்டு தினமும் வருகிறவர். குளிக்க வருகிறாரா, சாப்பிட வருகிறாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. "நானும் அதே அருவியிலதான் நிக்கேன். எனக்குச் சளிதான் வருது, கதை வரமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பிழிந்த சக்கையை இன்னொரு தரம் பிழிந்தேன்.

என் கணவர் தலை துவட்டாமல் ஒரு நாளும் எழுதியதில்லை. சளி பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம். நான்தான் துவட்டிவிடுவேன், மிளகுரசமும் வைத்துக் கொடுப்பேன். அது போகட்டும். எழுதுகிறவன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஆனால் பாத்திரங்கள் பேசுவது அருவியில் இல்லை. அது அடுப்படியில்.

அவருக்கு மலையை எழுத வரும். நிலாவை எழுத வரும். தேர் நிலையை விட்டுக் கிளம்புவதை எழுதினால் வடம் பிடித்த கை நமக்கு வலிக்கும். மனிதர்களைப் பேசவைக்க மட்டும் வராது. முதல் நாவலில் ஒரு தாய் மகனைப் பறிகொடுத்துவிட்டு, 'அந்தோ, யான் இனி எங்ஙனம் உயிர் தரிப்பேன்' என்று ஒரு பக்கத்துக்குப் பேசுவாள். பத்திரம் எழுதுகிறவர் எழுதியது போல இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே புத்தகப் பித்து. என் பிறந்த ஊர் சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் அய்யா, என் தகப்பனார், வாங்கிப் போட்டதையெல்லாம் வாசித்தவள். "எந்தத் தாய் இப்படி அழுவா?" என்று கேட்டுவிட்டேன். பல நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களைப் பற்றி அவர் என்னவோ இளப்பமாகச் சொன்னார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்க அய்யா தந்த அண்டா ஒண்ணும் ஒழுகல. உங்க அம்மை வாய்தான் ஊரெல்லாம் ஒழுகுச்சு" என்று சொன்னேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் அடுப்படி வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றார். உதடு சத்தமில்லாமல் அசைந்தது. கோபத்தை முழுங்குகிறார் என்று நினைத்து, எனக்கே கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது. அவர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

அந்த அண்டா பத்திரிகையில் வந்தது. கதாநாயகி புருஷனைப் பார்த்துச் சொன்னாள். தென்காசியே வாய்விட்டுச் சிரித்தது. பெண்கள் என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரருக்குப் பொம்பளை மனசு எப்படித்தான் தெரியுதோ!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை அதிகமானது. காப்பியைக் குடிக்காமலே கசக்கிறது என்பார். துவைத்துக் காய்ந்த வேட்டியைப் பார்த்து அழுக்கு என்பார். எங்கள் ஊரை, எங்கள் அய்யாவை, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நடந்ததை, எதையாவது ஒன்றை எடுத்து என் மேல் எறிவார். நான் பொங்கினால் அவர் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்வதில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார். என் கோபத்தை மூட்டிவிட்டு அதில் குளிர்காய்ந்திருக்கிறார். இது எனக்குத் தெரிந்த பிறகும் பொறுத்துக்கொண்டேன். என் வார்த்தைதானே, போகிறது என்று இருந்தேன்.

இந்த வருஷம் என் தங்கை பேராச்சி எங்களோடு குற்றாலத்துக்கு வந்திருந்தாள். அவளைப் புளியங்குடியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை நாறும்பூநாதனுக்குக் கொழும்பில் கடை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், கப்பலேறிவிடுவார். பேராச்சி மாமியாரோடு புளியங்குடியில் கிடந்தாள். பிள்ளை இல்லை என்று மாமியார் ஏசாத நாள் கிடையாது. இந்த ஆவணியில் மாப்பிள்ளை வந்து அவளையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் அக்கா வீட்டில் இருந்து வருகிறேன் என்று புது டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டாள். கொழும்பில் மழை எப்படி, அரிசி எப்படி, அங்கே பெண்கள் கடைவீதிக்கு நடந்து போகலாமா என்று யாரைப் பார்த்தாலும் கேட்டாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

சிவசுப்பிரமணியன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். அத்தியாயம் இன்னும் எழுதி முடியவில்லை. கதையில் கதாநாயகிக்கு, புருஷன் வேறொருத்தியை வைத்திருக்கும் சேதி வரவேண்டிய இடம். அந்த இடத்திலேயே நின்றிருந்தது. காலையில் என்னிடம் இரண்டு தரம் சண்டைக்கு வந்து பார்த்தார். உப்பு இல்லை என்றார். எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. "உப்புச்சட்டி அங்கன இருக்கு, போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அதை வைத்து எந்தக் கதாநாயகியைப் பேசவைக்க?

மத்தியானம் அருவிக்குப் போய்விட்டு வந்தவர் நேராக அடுப்படிக்கு வந்தார். பேராச்சி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் படியில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பேராச்சி, மனசைத் திடப்படுத்திக்கோ தாயி."

"என்ன அத்தான்?"

"ஐந்தருவியில கொழும்புக்காரர் ஒருத்தரைப் பார்த்தேன். நாறும்பூவைத் தெரியுமாம். அங்கன ஒரு வீடு எடுத்திருக்கானாம். ஒரு பொம்பளை இருக்காளாம். வயித்துல பிள்ளைன்னு சொல்லுதாரு."

பேராச்சி கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். ஒரு காம்பு முடிந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

"வயித்துலயா?" என்று சிரித்தாள். அவளிடம் நான் கேட்டிராத ஒரு சிரிப்பு. "அவுகளாலயா?"

"என்னட்டி சொல்லுத?" என்றேன்.

"உனக்குத் தெரியாதுக்கா. ஒருத்தருக்கும் தெரியாது. அவுக விளக்கை அமத்திட்டுச் சுவரைப் பார்த்துப் படுக்கிற மனுசர். கலியாணம் ஆன நாள்ல இருந்து சுவரோடதான் குடும்பம் நடத்துதாக. பிழிஞ்சு போட்ட சேலை மாதிரி நான் பின்னால கிடக்கேன். எங்க மாமியா என்னைய மலடிங்கா. நான் வாயைத் திறக்கலையே! இப்ப அந்தச் சுவரு பிள்ளை பெறப் போகுதாக்கும்? பெத்தா எனக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. நானே வந்து தொட்டில் கட்டுதேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். கீரையின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். நான் ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் தலைக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஐந்தருவியில் யாரும் இல்லை. கொழும்புக்காரர் என்று ஒருவரும் இல்லை.

அவளைப் படுக்கவைத்துவிட்டு அவர் அறைக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கதவைத் திறந்தபோது அவர் முகம் விருந்து சாப்பிட்டு எழுந்தவன் முகம் மாதிரி இருந்தது.

"யாரு அந்தக் கொழும்புக்காரர்?"

"ஒருத்தரும் இல்ல" என்றார். ஒளிக்கக்கூட இல்லை. "கதைக்கு வேண்டியிருந்துது. நாளைக்கு, விசாரிச்சேன், ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிருதேன். அதுக்குள்ள உயிரா போயிரும்?"

"அவ சொன்னதை எழுதிட்டீகளா?"

"கேளு" என்று தாளை எடுத்து வாசித்தார். ஒரு எழுத்து மாறவில்லை. சுவர், சேலை, தொட்டில், எல்லாம் இருந்தது. "நாச்சி, நான் இத்தனை வருசம் எழுதினதெல்லாம் இதுக்கு முன்னால தூசி. இப்படி ஒரு பேச்சு தமிழ்லயே வந்ததில்ல."

"அதை அடிச்சிருங்க."

"எதை?"

"அவ சொன்னதை. நாறும்பூ மச்சான் கொழும்புக் கடையில இந்தப் பத்திரிகையை வரவழைச்சு வாசிக்காக. நம்ம சகலை எழுதுததுன்னு நாலு பேரைக் கூட்டி வச்சு உரக்க வாசிக்காகளாம். அவுகளே வாசிக்கப் போறாக. தன்னைப் பத்தின்னு தெரியாமயா போகும்? இவளைத் தவிர வேற யாரு சொல்லியிருக்க முடியும்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

"வாசிக்கிறவனுக்கு அடுத்தவனைப் பத்தின்னுதான் தோணும்" என்றார் கடைசியில். "எழுத்தைப் பத்தி உனக்குத் தெரியாது. நல்லதைப் போய் யாராவது அடிப்பாங்களா? நீ இப்போதைக்கு அவகிட்ட உண்மையைச் சொல்லாத. இன்னும் ஒரு நாள் இப்படியே இருந்தாள்னா அடுத்த அத்தியாயமும் வந்துரும்."

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் அதையும் எழுதிக்கொண்டிருப்பார்.

பேராச்சியிடம் போய் எல்லாம் பொய் என்று சொன்னேன். அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் சொன்னது?" என்றாள்.

நான் சொன்னேன். கதையில் எழுதியிருக்கிறார், நாளைக்குச் சென்னைக்குப் போகிறது என்று சொன்னேன்.

"அச்சாயிருமா?"

"ஆயிரும்."

"அது அச்சாச்சுன்னா அவுக என் மூஞ்சியில முழிக்க மாட்டாகக்கா" என்றாள். "அவுக நல்ல மனுசர். ஒரு நாள் என்னைய ஏசினதில்ல. அவுக அம்மை ஏசினாத்தான் எழுந்து வெளியில போயிருவாக. நான் கொழும்புக்குப் போகணும். அங்கன மாமியா இல்ல. அது போதும் எனக்கு. சுவரு இருந்தா இருந்துட்டுப் போகுது."

அன்று இராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தாளை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம். தாள் எரியும். அவர் தலைக்குள் இருப்பதை எந்த அடுப்பில் போட? அதை இன்னொரு தரம் எழுத அவருக்கு எவ்வளவு நேரமாகும்? சிவசுப்பிரமணியனிடம் போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வேன்? இது என் தங்கை சொன்னது, அச்சிடாதீர்கள் என்றா? எதை மறைக்க வேண்டுமோ அதை என் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

மறுநாள் காலைப் பலகாரம் முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை உரக்க வாசிப்பது அவர் வழக்கம். கண்ணால் வாசித்தால் தப்பு தெரியாது, காதால்தான் தெரியும் என்பார். ஆண்கள் கூடத்தில் இருந்து கேட்பார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். அன்றைக்குப் பேராச்சி என் பின்னால் நின்றாள். வரவேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

முதலில் மலை வந்தது. மேகம் வந்தது. சங்கரபாண்டி உச்சுக்கொட்டினார். பிறகு சேதி வந்தது. கதாநாயகி சிரித்தாள்.

"'வயிற்றிலா? அவராலா?'"

என் கணவர் குரலைத் தாழ்த்தி வாசித்தார். பேராச்சியின் குரல் எங்கே உடைந்ததோ அங்கே உடைத்தார். எங்கே நின்றாளோ அங்கே நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கசாப்புக்காரன் கையில் இருக்கிற ஆட்டைப் போல நின்றாள்.

"'அந்தச் சுவர் பிள்ளை பெற்றால் எனக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். நானே வந்து தொட்டில் கட்டுகிறேன்.'"

சங்கரபாண்டி தொடையில் அடித்துக்கொண்டார். "அடடா! அண்ணாச்சி! இது எங்க இருந்து வேய் உமக்கு வந்துது?"

"கொஞ்சம் துணிச்சலான இடம் சார்" என்றார் சிவசுப்பிரமணியன். "ஆனா ஆபாசம்னு யாரும் சொல்லமுடியாது. ஆசிரியர்கிட்ட நான் பேசிக்கிறேன். இது பெரிய இடத்துக்குப் போகும்."

"நேத்து அருவியில நிக்கேன்" என்று ஆரம்பித்தார் என் கணவர். "தண்ணி தலையில விழுது. திடீர்னு ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம்..."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வேற்று ஆண்கள் இருக்கும்போது நான் கூடத்துக்குள் போய் நின்றதில்லை. பரிமாறுவதோடு சரி. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அருவியில வரல" என்றேன். "அது நான் சொன்னது."

"என்னம்மா?" என்றார் சிவசுப்பிரமணியன்.

"அந்தப் பேச்சு. சுவரு, தொட்டில், எல்லாம். நேத்து அடுப்படியில வச்சு நான் இவுகளைப் பார்த்துச் சொன்னேன். ஒரு எழுத்து மாறாம எழுதியிருக்காக. நல்லா எழுதியிருக்காக. அச்சுப் போடுங்க. என் பேரையும் சேர்த்துப் போடுங்க. பால்வண்ணநாதன் பெஞ்சாதி நாச்சியார் தன் புருசனைப் பார்த்துச் சொன்னதுன்னு போடுங்க."

மலையிலிருந்து அருவிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த மௌனத்தை நான் கலைக்கவில்லை. அது நன்றாக நீளட்டும் என்று நின்றேன்.

எங்களுக்கும் பிள்ளை இல்லை. அது கூடத்தில் இருந்த அந்த இரண்டு விருந்தாளிகளுக்கும் தெரியும். இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. அது என்னையும் அவரையும் மருத்துவச்சியையும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த இரண்டையும் நான் அந்தக் கூடத்தில் இன்னொரு தரம் பறிகொடுத்தேன். இருந்தும் சொன்னேன்.

"ஏளா" என்றார் என் கணவர். முகம் வெளுத்திருந்தது. "என்ன பேசுதோம்னு தெரிஞ்சுதான் பேசுதியா? அது உன்..."

"சொல்லுங்க" என்றேன். "நான் சொல்லலைன்னா வேற யாரு சொன்னா? நீங்களே சொல்லுங்க."

அவர் கண் கதவுப் பக்கம் போனது. நான் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேராச்சி பேரை அவர் சொல்லிவிடலாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் சொன்னால், கொழுந்தியாளிடம் பொய் சொல்லி அழவைத்து ஒட்டுக்கேட்டு எழுதினேன் என்று சொல்லவேண்டும். அருவி போய்விடும். கட்டுரை போய்விடும். ஈரத் தலை, பாத்திரங்களின் குரல், எல்லாம் போய்விடும். அவர் எதை விடுவார் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

அவர் தாளை மடித்தார்.

"உள்ள போ" என்றார்.

சங்கரபாண்டி தொண்டையைச் செருமினார். "வீடுன்னா ஆயிரம் இருக்கும் அண்ணாச்சி. நம்ம வைத்தியர் ஒருத்தர் மலைமேல மூலிகை எடுத்து..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சார்" என்றார் சிவசுப்பிரமணியன், சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு சுவரைப் பார்க்கிறோம் என்று தெரிந்து, அவசரமாகச் சன்னலைப் பார்த்தார். "இந்த அத்தியாயம் வேண்டாம் சார். சாயங்கால வண்டிக்குள்ள வேற எழுதிக் கொடுத்துடுங்க."

நான் என் கணவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். கொடுத்துவிட்டார். அடுப்பில் வைத்தேன். நமத்த விறகுக்கு அது உதவியாக இருந்தது. இனி அவர் தலைக்குள் அது இருந்தால் என்ன? இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் அது அவரைப் பற்றிய பேச்சு ஆகிவிட்டது. எந்த நாவலிலும் எந்தப் பெண்ணும் அதை இனிப் பேச முடியாது.

மத்தியானம் அவர் அடுப்படிக்கு வந்தார். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். நாளைக்குத் தென்காசி கோர்ட்டு முழுக்கச் சிரிக்கும் என்றார். நான் வெண்டைக்காய் நறுக்கினேன். உன் அய்யாவும் இப்படித்தான், கூடவே இருந்து குழி பறிக்கிற சாதி என்றார். நறுக்கினேன். உன்னைக் கட்டினதுக்கு ஒரு பாறாங்கல்லைக் கட்டியிருக்கலாம் என்றார். உண்மையான கோபம்தான். ஆனால் வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கையில் அத்தியாயம் இல்லை. ஒவ்வொரு வசவுக்கும் பிறகு அவர் சற்று நிறுத்தி, என் வாயைப் பார்த்தார்.

நான் திறக்கவில்லை. சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு அத்தியாயத்துக்குப் போதும். எல்லாவற்றையும் முழுங்கினேன். காய் தீர்ந்ததும் அரிவாள்மணையைக் கழுவி வைத்தேன்.

சிவசுப்பிரமணியன் கொண்டுபோன அத்தியாயத்தில் நிலா இருந்தது, மலை இருந்தது. கதாநாயகி மயக்கமாகி விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு எழுந்தாலும் அதிகம் பேசவில்லை. சில வாரங்களில் அவளைக் காசிக்கு அனுப்பிவிட்டுக் கதையை முடித்துவிட்டார். அருவிக் கட்டுரை வரவே இல்லை.

தென்காசிக்குத் திரும்பினோம். வக்கீல் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் பெண்கள் என்னிடம் இப்போது வேறு மாதிரிப் பேசினார்கள். அண்டாவுக்குச் சிரித்த அதே பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன செய்ய, நம்ம தலையில எழுதினது" என்று பெருமூச்சு விட்டார்கள். ஒரு வைத்தியர் இரண்டு புட்டி லேகியத்தோடு வந்து, ஐயா இருக்காகளா என்று குசுகுசுவென்று கேட்டார். சங்கரபாண்டி அனுப்பினாராம். என் கணவர் அந்தப் புட்டிகளைத் தெருவில் விட்டெறிந்தார். நான் கண்ணாடியைப் பொறுக்கினேன். அவரிடம் நான் பேசுவதில்லை. சாப்பாடு, தண்ணீர், விளக்கு, எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பேச்சு மட்டும் இல்லை. அவர் ஒவ்வொரு நாளும் அறையில் போய் உட்கார்ந்தார். பேனா ஓடுகிற சத்தம் கேட்கவில்லை.

ஆவணியில் நாறும்பூநாதன் வந்தார். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. எனக்கு ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். "அண்ணாச்சி, ஏன் கதையைச் சட்டுன்னு முடிச்சுட்டீக? கடையில எல்லாரும் கேக்காக. அந்தப் பொண்ணு இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றார். பேராச்சி டிரங்குப் பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரையும் ரயிலேற்றிவிடப் போனோம். தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல். பேராச்சி பெண்கள் பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்தாள். புதுச் சேலை. முகத்தில் பழைய களை வந்திருந்தது. ஆண்கள் அடுத்த பெட்டிக்குச் சாமான் ஏற்றப் போன நேரம் என் கையைப் பிடித்தாள். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"யக்கா" என்றாள். "அத்தான்கிட்ட ஒரு வார்த்தை பேசுக்கா. பாவம், எழுத மாட்டாமத் தவிக்காக. மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவளை அந்தச் சன்னல் வழியாகவே வெளியே இழுத்து அறையலாம் போல இருந்தது. யாருக்காக நான் என் வயிற்றைக் கூடத்தில் அறுத்துக் காட்டினேன்? கையை உருவிக்கொண்டேன். வண்டி ஊதியது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே நடந்தேன். அவர் பின்னால் வந்தார்.

"வண்டி கிளம்பும்போது உன்கிட்ட என்னமோ சொன்னாளே" என்றார். "என்ன சொன்னா?"

நான் நடந்தேன்.

"உன் மூஞ்சியே மாறிப்போச்சு. நான் பார்த்தேன். என்ன சொன்னா நாச்சி?"

குதிரைவண்டிக்காரன் எங்களைப் பார்த்து வண்டியைத் திருப்பினான். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஏறாமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் சொல்ல வேண்டாம்" என்றார். "எந்த வார்த்தையில ஆரம்பிச்சா? அதை மட்டும் சொல்லு."